அடுப்படிக்குள் செருப்பு

வாங்கிய ஏச்சுகளை மறக்கும் பழக்கம் எனக்கில்லை. யார், எந்த இடத்தில், என்ன சொன்னார்கள் என்று கேட்டால் இன்றும் ஒப்புவிப்பேன். பெரும்பாலானவற்றை இப்போது நினைத்தால் சிரிப்புத்தான் வரும். ஒன்றை நினைத்தால் மட்டும் இன்னும் காது சுடுகிறது. அடுப்படிக்குள் செருப்போடு நின்றதற்காக என் அண்ணையின் மனைவியிடம் வாங்கிய ஏச்சு அது.

அப்போது நான் ரொறன்ரோவின் கிழக்கே, மோர்னிங்சைட் பக்கம், அண்ணையின் வீட்டுக் கீழ்த்தளமான பேஸ்மென்டுக்குப் புதிதாக வந்திருந்தேன். அதற்கு முன் நகரின் மறுகோடியில், பார்க்டேலில், கணவரோடு இருந்தவள். அந்த வாழ்க்கை ஏன் முடிந்தது என்பது இந்தக் கதைக்குத் தேவையில்லை, முடிந்தது. ஒரு ஜனவரி மாதம் இரண்டு சூட்கேசும் ஒரு ரைஸ் குக்கருமாக அண்ணையின் வாசலில் போய் நின்றேன். அண்ணை ஒரு கேள்வியும் கேட்காமல் சூட்கேசைத் தூக்கிக்கொண்டு கீழே இறங்கினார். மச்சாள், அதாவது அவருடைய மனைவி, தேத்தண்ணி ஊற்றித் தந்தார். இருவரும் நல்லவர்கள்தான். அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. கெட்டவர்கள் வீட்டில் என்றால் வாய் திறந்து ஒரு குறை சொல்லலாம்.

நாற்பது வயது தாண்டிய பெண், புருஷனை விட்டுவிட்டு, தமையன் வீட்டுக் கீழ்த்தட்டில். எங்கள் ஊரில் இதற்கென்றே ஒரு சொல் இருக்கிறது. என் முகத்துக்கு நேரே யாரும் அதைச் சொல்லவில்லை. கோயிலிலோ கடையிலோ என்னைக் கண்டால், "இப்ப அண்ணையோடையோ இருக்கிறீர்?" என்று மட்டும் கேட்பார்கள். கேட்டுவிட்டுக் குரலைத் தாழ்த்துவார்கள். அந்தத் தாழ்த்தலுக்கு அந்தச் சொல்லையே சொல்லியிருக்கலாம்.

பேஸ்மென்ட் முழுக்க அண்ணையின் கைவேலை. அவர் ஊரில் ரேடியோ, மின்விசிறி திருத்தும் கடையொன்றில் கொஞ்சக் காலம் நின்றவர். இங்கே வேலை செய்வது ஒரு பெட்டி செய்யும் தொழிற்சாலையில். ஆனாலும் தான் ஒரு எலக்ரீசியன் என்ற எண்ணம் அவருக்குள் சாகவில்லை. பழைய வீடு அது. அதன் அடியில் ஓர் அறை, ஒரு குளியலறை, ஒரு அடுப்படி எல்லாம் தானே கட்டினார். சுவர் வைத்தார், வயர் இழுத்தார், துருப்பிடித்த பழைய தண்ணிப் பைப்பை வெட்டி எறிந்துவிட்டு வெள்ளை பிளாஸ்ரிக் பைப் போட்டார். இரண்டு ஓட்டை உள்ள பழைய பிளக் பொயின்றுகளைக் கழற்றிவிட்டு மூன்று ஓட்டை உள்ள புதியவற்றைப் பூட்டினார். யாராவது வீட்டுக்கு வந்தால் முதலில் கீழே கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவார்.

"ஒரு ஆளை வைக்கேல்லை. எல்லாம் என்ரை கை" என்பார்.

அடுப்படியின் பெருமை ஒரு பெரிய எவர்சில்வர் மேசை. மூடப்பட்ட ஒரு ரேக்-அவுட் சாப்பாட்டுக் கடையிலிருந்து அண்ணை மலிவாக வாங்கியது. சிங்கும் மேசையும் ஒரே தகடு; ஒரு ஆள் படுக்கலாம். நான் வருவதற்குச் சற்று முன், மேலே புதுப் பிரிஜ் வாங்கியபோது, பழைய பிரிஜைக் கீழே இறக்கி, அந்த மேசையோடு ஒட்டினாற்போல நெருக்கி வைத்திருந்தார்கள். மீன் பொரிப்பு, நண்டுக் கறி, விசேஷச் சமையல் எல்லாம் கீழேதான், நான் வந்தபின் என் கையால். மேலே வீடு மணக்கக்கூடாது.

ஆனால் இந்த வேலை எதற்கும் நகரசபையிடம் அனுமதி, அதாவது பெமிற், எடுக்கவில்லை. நான் வந்த முதல் நாளே அண்ணை சொன்னார்: "ஆரும் சிற்றி ஆக்கள் வந்து கேட்டா, நீ மேலை அறையிலை இருக்கிறன் எண்டு சொல்லு. கண்டாங்களெண்டால் எல்லாத்தையும் உடைக்கச் சொல்லுவாங்கள்." நான் தலையாட்டினேன். உடைத்தால் எனக்கு வேறு போக்கிடம் இல்லை என்பது இருவருக்கும் தெரியும். பேக்கரித் தொழிற்சாலைச் சம்பளத்தில் இந்த நகரத்தில் ஓர் அறைகூட எடுக்க முடியாது.

முதல் தடவை அது நடந்தது வந்த கிழமையே. வேலையால் வந்து, சப்பாத்தையும் ஈரச் சொக்ஸையும் கழற்றிவிட்டு, வெறுங்காலோடு பாத்திரம் கழுவினேன். முழங்கை மேசை விளிம்பில் பட்டது. யாரோ உள்ளே இருந்து நரம்பைப் பிடித்து இழுத்ததுபோல இருந்தது. கையை எடுத்தேன், நின்றது. மீண்டும் தொட்டேன், மீண்டும் இழுத்தது.

குளிர்காலத்தில் இந்த ஊரில் கதவுப்பிடியைத் தொட்டாலும் அடிக்கும், கார்க் கதவைத் தொட்டாலும் அடிக்கும். காற்று காய்ந்துபோவதால் வருவது. இங்கே இருப்பவர்கள் எல்லோருக்கும் தெரியும், யாரும் பொருட்படுத்துவதில்லை. நானும் அப்படித்தான் நினைத்துப் பார்த்தேன். ஆனால் கதவுப்பிடி ஒரு தடவை சுள்ளென்று அடித்துவிட்டு விட்டுவிடும். இது விடாமல் முணுமுணுத்துக்கொண்டே இருந்தது.

ஒரேயொரு தடவை அண்ணையிடம் சொன்னேன். அவர் மேலே செய்தி பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணை, கீழை சிங்கிலை கை வைச்சா ஒரு மாதிரி இழுக்குது."

அவர் என்னைப் பார்க்கவில்லை. "உது விண்டர் காத்து. எல்லா இடமும் அப்பிடித்தான்" என்றார். பிறகு ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் கூட்டினார்.

சொன்ன வாயை அடித்துக்கொள்ள வேண்டும்போல இருந்தது. இருக்க இடம் தந்தவருடைய கைவேலையில், அதுவும் வந்த சூடு ஆறுவதற்குள், நொட்டை சொல்லியிருக்கிறேன். படியிறங்கும்போது எனக்கு உடம்பெல்லாம் கூசியது. இனி இதைப் பற்றி மூச்சும் விடுவதில்லை என்று முடிவெடுத்தேன். அந்த முடிவில் நான் உறுதியாக நின்றேன். என் வாழ்க்கையில் நான் கடைப்பிடித்த முடிவுகள் மிகக் குறைவு. இதையா கடைப்பிடித்திருக்க வேண்டும்!

பேசுவதில்லை என்றால் பழக வேண்டும். பழகினேன். பிரிஜ் உறுமும்போதுதான் மேசை கடிக்கிறது, பிரிஜ் ஓய்ந்தால் மேசையும் ஓய்ந்துவிடுகிறது என்று கண்டுபிடித்தேன். பிரிஜின் கைபிடி பிளாஸ்ரிக் என்பதால் திறந்து மூடும்போது ஒன்றுமில்லை. ஆகவே பிரிஜ் மூச்சு விடும் இடைவெளியில் பாத்திரம் கழுவினேன். அது மறுபடி உறுமத் தொடங்கினால் கையைத் துடைத்துக்கொண்டு விலகி நின்று வெங்காயம் உரித்தேன். ஒரு பிரிஜின் சொல்கேட்டு நடந்தேன். கணவர் சொல்கேட்டு இவ்வளவு நடந்திருந்தால் பார்க்டேலிலேயே இருந்திருக்கலாம்.

பிறகு செருப்பு. தமிழ்க் கடையில் ஒரு சோடி றப்பர் செருப்பு வாங்கி வந்து, அதைப் போட்டுக்கொண்டு மேசையைத் தொட்டுப் பார்த்தேன். ஒன்றுமில்லை. எனக்குப் பெரிய வெற்றி. இதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. ஊரில் எங்கள் வீட்டில் அயன்பெட்டிக்குப் பக்கத்தில் எப்போதும் ஒரு சோடி செருப்புக் கிடக்கும். தண்ணி மோட்டர் சுவிற்சைப் போடப் போகிறவர் செருப்பைத் தேடிக்கொண்டு போவார். எங்கள் ஆட்களுக்குக் கரண்ட் அடித்தால் கரண்டைத் திருத்தத் தோன்றாது. செருப்பைத் தேடத்தான் தோன்றும். கடல் கடந்து வந்தும் எனக்கு அந்தப் புத்திதான் வந்தது.

ஆனால் அடுப்படிக்குள் செருப்பு என்பது எங்கள் வீடுகளில் எப்படிப்பட்ட விஷயம் என்பதை நான் மறந்துவிடவில்லை. மச்சாளின் காலடி படியில் கேட்டால் உடனே கழற்றி, சிங்குக்குக் கீழே தள்ளிவிடுவேன். திருடியைப் போல நின்றேன். என் சொந்தக் காலில் என் சொந்தச் செருப்பைப் போடுவதற்கு.

பங்குனி மாதத்தில் பிடிபட்டேன். அன்று பிரிஜும் ஓடியது, குழாயில் தண்ணியும் ஓடியது, காலடி கேட்கவில்லை. திரும்பினால் மச்சாள் நிற்கிறார். அவர் பார்வை என் முகத்துக்கு வரவே இல்லை.

"என்ன இது? அடுப்படிக்குள்ளை செருப்போ?"

"கால் குளிருது மச்சாள்."

"குளிருதெண்டால் சொக்ஸைப் போடும். சோறு சமைக்கிற இடத்திலை செருப்போடை நிண்டு... நீரும் எங்கடை ஊரிலை தானே வளந்தனீர்? மேலை ஒருத்தரும் செருப்போடை திரியிறேல்லை. இஞ்சை ஆரும் பாக்கமாட்டினம் எண்டு நினைச்சீரோ?" அவர் கத்தவில்லை. மச்சாள் கத்துகிறவர் இல்லை. "எல்லாத்தையும் விட்டிட்டு வந்தனீர் சரி. பழக்கவழக்கத்தையுமோ?"

அந்தக் கடைசிக் கேள்விதான் என் காதைச் சுட்ட கேள்வி. எனக்குள் கோபம் குபீரென்று எழும்பியது. 'உங்கடை புருஷன் கட்டின மேசையிலை கரண்ட் அடிக்குது, தொட்டுப் பாருங்கோ' என்று சொல்ல வாய் துடித்தது. சொன்னால் என்ன நடக்கும்? அண்ணையின் பெருமை போகும். ஒரு எலக்ரீசியனைக் கூப்பிடுவார்கள். அவன் பெமிற் எங்கே என்பான். பிறகு சிற்றி, பிறகு உடைப்பு, பிறகு நானும் என் ரைஸ் குக்கரும். எல்லாம் ஒரு நொடியில் ஓடியது.

"இனிப் போடேல்லை மச்சாள்" என்றேன். குனிந்து செருப்பைக் கழற்றி, அவர் பார்த்திருக்க, படிக்கு வெளியே கொண்டுபோய் வைத்தேன். அப்போதுதான் பார்த்தேன்: மேல்படியில் குப்பைப் பையோடு அண்ணை நின்றார். எல்லாம் கேட்டிருப்பார்.

"சரி சரி, விடும்" என்று மச்சாளைப் பார்த்துச் சொல்லிவிட்டு அவர் வெளியே போனார்.

அந்த ஒரு வார்த்தைக்காக நான் அவருக்கு நன்றியோடு இருந்தேன். அன்றிரவு படுக்கையில் நினைத்து நினைத்து அழுதேன் என்று எழுத ஆசைதான். உண்மையில் மிச்சமிருந்த மீன் குழம்பைச் சாப்பிட்டுவிட்டுத் தூங்கினேன். வெட்கப்பட்டவளுக்கும் பசிக்கும்.

அதற்குப் பிறகு செருப்பில்லை. வெறும் அரிசிப் பையொன்றை நாலாக மடித்துச் சிங்குக்கு முன் போட்டு, அதன்மேல் நின்றேன். கால் துடைக்கும் துணி என்று மச்சாள் நினைத்துக்கொண்டார். பனி போய், மரம் துளிர்த்து, கோடையும் வந்தது. விண்டர் காற்று எப்போதோ போய்விட்டது. மேசை மட்டும் முன்னைவிட மோசமாகக் கடித்தது. புழுக்கத்தில் பிரிஜ் ஓய்வதே குறைந்துபோயிற்று.

இந்தக் காலம் முழுக்க அண்ணையைப் பற்றி எனக்கு ஒரு மதிப்பு இருந்தது. அவர் கீழே வந்தால் மரப்படியின் கடைசிப் படியில் நின்றபடிதான் கதைப்பார். அடுப்படித் தரையில் கால் வைக்கமாட்டார். யாரையாவது கூட்டிவந்தாலும் அங்கேயே நின்று, "அங்கை பாருங்கோ, அந்த மேசை" என்று கையை நீட்டுவார். தனியாக இருக்கும் தங்கையின் இடத்துக்குள் சும்மா நுழையக்கூடாது என்று நினைக்கிறார் போலும் என்று எண்ணிக்கொண்டேன். எவ்வளவு நாகரிகமான மனிதர் என்று வேலையிடத்தில் கூட ஒருத்தியிடம் சொல்லியிருக்கிறேன்.

ஆடி அமாவாசை வந்தது. தகப்பன் இல்லாதவர்கள் விரதமிருக்கும் நாள். அப்பா போன பிறகு அண்ணை ஒரு வருஷமும் தவறவிட்டதில்லை. காலையிலிருந்து பச்சைத் தண்ணிகூடக் குடியாமல், மதியம் முழுகிவிட்டு, அப்பாவுக்குப் படைத்துத்தான் சாப்பிடுவார். மச்சாளின் பக்கத்து உறவினர் சிலரையும் சாப்பிடச் சொல்லியிருந்தார்கள். சமையல் கீழேதான்.

மீன் புழங்கும் இடம் என்பதால் மச்சாள் விடியவே இறங்கி, அடுப்படியை மேலிருந்து கீழ்வரை கழுவினார். மேசையை மட்டும், பிரிஜ் ஓய்ந்த நேரம் பார்த்து, நான் முந்திக்கொண்டு துடைத்தேன். தரையெல்லாம் மஞ்சள் தண்ணி. என் அரிசிப் பையைக் கால் விரலால் தூக்கி ஒதுக்கினார்.

"உது வழுக்கும். இண்டைக்கு வேண்டாம்."

நான் முழுகிவிட்டு ஈரத் தலையோடு, வெறுங்காலோடு, அந்த ஈரத் தரையில் நின்றேன். அந்த நாளுக்கென்றே சமைக்கும் காத்தோட்டிக்காய்க் கறி, பூசணிக்காய், வாழைக்காய்ப் பொரியல், பருப்பு, பாயாசம். ஒவ்வொரு பாத்திரத்தையும் மேசையில் வைக்கும்போது துணியால் பிடித்து, விரல் படாமல் வைத்தேன். மச்சாள் நல்லவேளையாக அடுப்புப் பக்கம் நின்றார். அவர் மேசைப் பக்கம் திரும்பினாலே, "நான் எடுத்துத் தாறன், நீங்கள் நில்லுங்கோ" என்று முந்திக்கொண்டேன். இன்றைக்கு என்ன இவளுக்கு இவ்வளவு பணிவு என்று நினைத்திருப்பார்.

பாயாசத்துக்கு முந்திரிகை வறுத்துக் கொட்டும்போது ஈர இடுப்புச் சேலை மேசை விளிம்பில் பட்டது. இம்முறை முணுமுணுப்பு இல்லை, நல்ல அடி. கரண்டி தெறித்துத் தரையில் விழுந்தது.

"என்ன?" என்றார் மச்சாள்.

"கை வழுக்கிட்டுது."

இதைத்தான் இன்று நினைத்தாலும் தாங்கமுடியவில்லை. உயிர் போகும் விஷயம் ஒன்றைக் கை வழுக்கியதாகச் சொன்னேன். ஒரு மரியாதைக்காக.

இலை போட்டு எல்லாம் பரிமாறி முடிந்தது. படையல் இலையை விரதமிருந்த மகன்தான் தூக்கிக்கொண்டு போய் அப்பாவின் படத்துக்கு முன் வைக்க வேண்டும். இலை தட்டில், தட்டு எவர்சில்வர் மேசையில். மச்சாள் படியடியில் நின்று அண்ணையைக் கூப்பிட்டார். மேலே உறவினர்களின் பேச்சுக் கேட்டது.

அண்ணை இறங்கி வந்தார். முழுகிய தலை, திருநீறு, வெள்ளை வேட்டி, வெறும் மேல். காலில் கராஜுக்குப் போடும் கறுப்பு றப்பர் செருப்பு.

மச்சாள் அதைக் கண்டதும் வாயில் கை வைத்தார். "என்னப்பா இது? உங்கடை அப்பான்ரை படையலுக்குச் செருப்போடையோ வாறியள்?"

அண்ணை கடைசிப் படியில் நின்றார். ஈரத் தரையைப் பார்த்தார். மேசையைப் பார்த்தார்.

"கழட்டிப்போட்டு வாங்கோ" என்றார் மச்சாள்.

அண்ணை ஒரு செருப்பைக் கழற்றினார். காலைத் தரைக்குக் கொண்டுபோனார். பிறகு திரும்பவும் செருப்புக்குள்ளேயே விட்டுக்கொண்டார். பசியில் அவர் முகம் வாடியிருந்தது. என்னைப் பார்க்காமல், மெல்லிய குரலில், என்னிடம் சொன்னார்:

"அந்தப் பிரிஜை ஒருக்காக் கழட்டிவிடு."

பிரிஜைப் பற்றி நான் யாரிடமும் சொன்னதில்லை. சிங்க் இழுக்கிறது என்று மட்டும்தான் சொன்னேன், அதுவும் ஒரே தடவை. பிரிஜ் ஓடும்போதுதான் அடிக்கும் என்பது நானாகக் கண்டுபிடித்தது. நான் மட்டும் கண்டுபிடித்தது என்று நினைத்திருந்தேன்.

போய் பிளக்கைக் கழற்றினேன். பிரிஜ் ஒரு தடவை உடம்பை உதறிவிட்டு ஓய்ந்தது. அண்ணை செருப்பைப் படியில் விட்டுவிட்டு வெறுங்காலோடு வந்து, இரண்டு கையாலும் தட்டைத் தூக்கிக்கொண்டு மேலே போனார். ஒரு தயக்கமும் இல்லை. இப்போது ஒன்றும் செய்யாது என்று அவருக்குத் தெரியும்.

நான் கரண்ட் பாயாத அந்த மரப்படியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவருடைய நாகரிகம் எனக்கு அப்போது விளங்கியது. பங்குனியில் குப்பைப் பையோடு மேல்படியில் நின்றவர், நான் ஏன் செருப்புப் போட்டேன் என்பதையும் தெரிந்துகொண்டுதான் நின்றிருக்கிறார். "சரி சரி, விடும்" என்றதற்கு நான் நன்றியோடு இருந்திருக்கிறேன். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். ஏனோ வெட்கம்தான் வந்தது, பார்க்கக்கூடாத கோலத்தில் அண்ணையைப் பார்த்துவிட்டதுபோல.

மச்சாள் எங்கள் இருவரையும்விடக் கெட்டிக்காரி. எதுவும் நடக்காததுபோலப் பந்தியை நடத்தினார். காகத்துக்கென்று கொல்லையில் வைத்த சோற்றை ஒரு அணில் வந்து தின்றதைப் பார்த்து விருந்தினரோடு சேர்ந்து சிரித்தார். எல்லோரும் போனபின் கீழே வந்து, பிரிஜின் பிளக்கைத் தானே செருகினார். அது உறுமத் தொடங்கும்வரை காத்து நின்றார். நான் "மச்சாள், வேண்டாம்" என்பதற்குள் வெறுங்காலோடு, ஒரு விரலின் பின்பக்கத்தால் மேசையைத் தட்டினார்.

"ஐயோ!"

கையை உதறிக்கொண்டு என் காலைப் பார்த்தார். மூலையில் கிடந்த அரிசிப் பையைப் பார்த்தார். பிறகு மேலே போய், யார் யாரிடமோ விசாரித்து, லைசென்ஸ் உள்ள ஒரு எலக்ரீசியனைத் தானே போனில் கூப்பிட்டார். அண்ணையிடம் கேட்கவில்லை.

எலக்ரீசியன் அடுத்த நாள் வந்தார். எங்கள் ஆள்தான், அண்ணையின் வயதிருக்கும். தடித்த அடியுள்ள வேலைச் சப்பாத்தோடு நின்று மேசையில் உள்ளங்கையை வைத்தார்.

"எனக்கு ஒண்டும் தெரியேல்லை" என்றார். பிறகு மீற்றரை வைத்துப் பார்த்தவர் புருவத்தை உயர்த்தினார். பிளக் பொயின்றைக் கழற்றினார். சிங்குக்குக் கீழே தலையை விட்டார். வெளியே வந்து அண்ணையிடம் சொன்னார்: "அண்ணை, இந்தப் பழைய வீடுகளிலை வயர் ரெண்டாத்தான் வரும், எர்த் இல்லை. நீங்கள் மூண்டு ஓட்டை போட்டிருக்கிறியள், மூண்டாவது ஓட்டைக்குப் பின்னாலை ஒண்டுமில்லை. பிரிஜ் பழசு, கரண்ட் கசியுது. அது தொட்டுக்கொண்டிருக்கிற மேசைக்கு வருது. முந்தின இரும்புப் பைப் இருந்திருந்தா அதாலையாவது நிலத்துக்குப் போயிருக்கும். இப்ப பிளாஸ்ரிக். வேறை வழியில்லாமல், வெறுங்காலோடை தொடுற ஆளுக்குள்ளாலை போகுது."

அண்ணை அப்போதும் தரையில் கால் வைக்கவில்லை. கடைசிப் படியில்தான் நின்றார்.

"எர்த்தோடை புது வயர் இழுக்கோணும். மேசை, குழாய் எண்டு இரும்பா உள்ளதெல்லாத்தையும் ஒண்டோடை ஒண்டு கட்டி அந்த எர்த்தோடை சேக்கோணும். ஒண்டும் தனிச்சு நிக்கக்கூடாது. பெமிற் எடுத்துத்தான் செய்வன், இன்ஸ்பெக்ரர் வந்து பாப்பார்."

இன்ஸ்பெக்ரர் என்ற சொல்லே எனக்குப் போதுமாயிருந்தது. சூட்கேஸ் இரண்டும் எங்கே இருக்கின்றன என்று மனம் தேடத் தொடங்கிவிட்டது. அப்போது அண்ணை வாய் திறந்தார்.

"அவை வந்து உடைக்கச் சொன்னா... உவள் எங்கை போவாள்?"

நான் வேறு பக்கம் பார்த்தேன். ஆறு மாதமாக அவரும் இதையேதான் நினைத்துக்கொண்டு இருந்திருக்கிறார். அவருடைய பெருமையும் இருந்தது, அதை நான் மறைக்கப் போவதில்லை. ஆனால் பெருமை மட்டும் இல்லை.

"அவை பாக்க வாறது வயரை. அதைத் திருத்திக் காட்டினால் போயிடுவினம். ஆளை எழுப்ப வாறேல்லை" என்றார் எலக்ரீசியன். பிறகு எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்தார். "அது சரி, இவ்வளவு நாளும் ஒருத்தருக்கும் அடிக்கேல்லையோ?"

அண்ணை தரையைப் பார்த்தார். ஒரு அந்நியர் முன்னால் அவர் அப்படி நிற்பதை என்னால் பார்க்க முடியவில்லை.

"இல்லை. நேற்றுத்தான்" என்றேன். கொஞ்சமும் தடுமாறாமல் வந்தது. அவ்வளவு நாள் பழக்கம்.

"பொய்" என்றார் மச்சாள்.

அடுப்பில் சாய்ந்து நின்றவர் நிமிர்ந்தார். எலக்ரீசியனைப் பார்த்துத்தான் சொன்னார், ஆனால் வீடு முழுக்கக் கேட்கும்படி சொன்னார்: "இவவுக்கு வந்த நாள் தொடக்கம் அடிச்சிருக்கு. பேசாமல் செருப்புப் போட்டுக்கொண்டு நிண்டவ. நான்தான் ஏசிக் கழட்டுவிச்சனான்."

பிறகு அவர் படியைத் தாண்டிப் போனார். பங்குனியிலிருந்து வெளியே கிடந்த என் றப்பர் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தார். செருப்பைக் கையால் தொடுகிறவர் அல்ல அவர். சிங்குக்கு முன்னால், என் காலடியில், அதைக் கொண்டுவந்து வைத்தார்.

"திருத்தி முடியுமட்டும் இதைப் போடும்" என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை. அவர் குனிந்து நிமிரும்போது காது சிவந்திருந்தது.

நான் போட்டுக்கொண்டேன். அடுப்படிக்குள், அவர் முன்னால். ஏச்சு வாங்கிய அன்றுகூட நான் அவ்வளவு கூனிக் குறுகி நிற்கவில்லை.

வயர் மாற்றினார்கள். இன்ஸ்பெக்ரர் வந்தார், பார்த்தார், போனார். மேசையின் அடியில் இப்போது ஒரு செப்பு வயர் இறுக்கிக் கட்டப்பட்டு, சுவருக்குள் போகிறது. அண்ணை வெறுங்காலோடு கீழே வந்து, கதிரையில் இருந்து, மேசையில் கையூன்றித் தேத்தண்ணி குடிக்கிறார். யார் வந்தாலும், "இது எலக்ரீசியன் செய்தது" என்கிறார். "என்ரை கை" என்று சொல்வதில்லை. அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு எழும்பிப் போய்விட வேண்டும்போல இருக்கும்.

செருப்பு இன்னும் சிங்குக்கு முன்னால்தான் கிடக்கிறது. எனக்கு அது தேவையில்லை. அமாவாசைக்கு அடுப்படி கழுவும்போது மச்சாள் அதைத் தூக்கி, அடியைத் துடைத்து, திரும்ப அதே இடத்தில் வைக்கிறார். எடுத்து வெளியே வையுங்கோ மச்சாள் என்று சொல்ல எனக்கு இன்னும் வாய் வரவில்லை.